ராகு காலப் பெட்டியிலிருந்து எடுத்த வரி

இன்று நீங்கள் ஸ்னிப்பெட் என்று சொல்வதை எங்கள் ஆபீசில் பிட் என்று சொன்னோம். பரீட்சைக்குப் போகும்போது சாக்ஸுக்குள் ஒளித்து வைப்பார்களே, அதே பிட். வெப்சைட்டில் படம் மாறுவதற்கு ஒரு பிட், எழுத்து ஓடுவதற்கு ஒரு பிட், பக்கத்தைத் திறந்ததும் 'வருக வருக' என்று ஒரு பெட்டி குதித்து வருவதற்கு ஒரு பிட். எந்த ஊரிலோ யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து எழுதிய நாலு வரி நிரலை எடுத்து ஃபிளாப்பியில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைவோம். வெட்கமெல்லாம் கிடையாது. நீங்களும் வெட்கப்பட வேண்டாம். ரிட்டயராகிற நாள்வரை நான் பிட் அடித்துத்தான் பிழைத்தேன்.

உங்கள் டீம் லீடர் போன் செய்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி கருவிகள், கைக்குறிப்புகள் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார். கருவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நிறங்களுக்கான எண்களை எல்லாம் போட்ட அட்டவணை ஒன்று எங்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தது. ஒரே கருப்பு வெள்ளை பிரிண்டர்தான் எங்களிடம் இருந்ததால், அந்த அட்டவணையில் இருநூற்றுச் சொச்சம் நிறமும் சாம்பல் நிறத்திலேயே இருந்தன. அதைப் பார்த்து நாங்கள் மாம்பழ மஞ்சளைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் கருவிகளின் யோக்கியதை அவ்வளவுதான்.

அதனால் கருவியை விட்டுவிட்டு ஒரு வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது.

தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே ஜாக்கெட் துணிக்கடை, மாடியில் எங்கள் ஆபீஸ். எங்கள் முதலாளி அதற்கு முன்னால் அதே மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தார். வெப்சைட் வியாபாரத்துக்கு வந்த பிறகும் அதை மூட மனம் வரவில்லை. ஹாலின் ஒரு பாதியில் பெண்கள் ஹையர் பரீட்சைக்குத் தடதடவென்று தட்டிக்கொண்டிருப்பார்கள். மறு பாதியில் நாங்கள் உட்கார்ந்து உலகத்தை வலையில் பின்னிக்கொண்டிருப்போம். டெலிபோன் லைன் ஒன்றுதான். நாங்கள் இணையத்தில் இருந்தால் முதலாளிக்கு போன் வராது. அவர் போனில் இருந்தால் எங்களுக்கு உலகமே கிடையாது.

அங்கே என்னோடு வேலை பார்த்தவள் ஸ்டெல்லா. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்பவர், அப்பா கடலுக்குப் போகிறவர். கான்வென்டில் படித்து, கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்து வந்திருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்காவிட்டால் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்க அனுப்பிவிடுவது என்று அவள் வீட்டில் முடிவு செய்து வைத்திருந்தார்கள். அவளுக்குத் தையல் ஊசியைக் கண்டாலே ஆகாது.

அவளிடம் ஒரு வாடிக்கையாளரைக் கொடுத்திருந்தோம். மயிலாப்பூரில் மாடவீதியை ஒட்டிக் குடியிருந்த கல்யாண கான்ட்ராக்டர். பந்தல், சமையல், நாதஸ்வரம், மந்திரம் சொல்லும் வாத்தியார் எல்லாம் ஒரே கையில் பிடித்துக் கொடுப்பவர். ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிட்டது, நாங்களும் அப்படியே. வெளிநாட்டுக் குடும்பங்களைப் பிடிக்க அவருக்கு வெப்சைட் வேண்டியிருந்தது. அதன் முதல் பக்கத்தில் அவருடைய சொந்த யோசனை ஒன்று: 'இன்றைய ராகு காலம்' என்று ஒரு சின்னப் பெட்டி. திங்களன்று பார்த்தால் திங்களுக்கான நேரம், செவ்வாயன்று பார்த்தால் செவ்வாய்க்கான நேரம்.

ஸ்டெல்லா அதற்கு ஒரு பிட் வைத்திருந்தாள். இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை என்று கண்டுபிடித்து எழுதுகிற பிட். அதில் கிழமையைப் பிடித்துக்கொண்டு, ஏழு கிழமைக்கு ஏழு படம் தயார் செய்து, அன்றைய படத்தைக் காட்டும்படி செய்தாள். அழகாக வேலை செய்தது. படத்துக்கு மேலே அந்த பிட்டோடு கூடவே வந்த ஒரு வரி, அன்றைய கிழமையையும் தேதியையும் ஆங்கிலத்தில் காட்டியது. அமெரிக்கக்காரன் எழுதிய பிட், அதனால் மாதம் முன்னால், நாள் பின்னால்.

மாமா ஆபீசுக்கு வந்து பார்த்தார்.

"இதென்னம்மா மேல இங்கிலீஷ்ல? மாசத்தைத் தூக்கி முன்னால போட்டிருக்கே."

"தேதி மாமா. இன்னிக்கு இன்னா நாள்னு காட்டுது."

"இன்னிக்கு என்ன நாள்னு தெரியாதவாளா கல்யாணம் பண்ணப் போறா? எல்லார் ஆத்துலயும் காலண்டர் தொங்கறது. எடுத்துடு. பெட்டி லட்சணமா இருக்கட்டும்."

ஸ்டெல்லா எடுத்துவிட்டாள். பெட்டி லட்சணமாக இருந்தது. மாமா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

அந்த வியாழக்கிழமை பன்னிரண்டு மணி வாக்கில் டெலிபோன் மணி அடித்தது. முதலாளி எடுத்தார். அந்தப் பக்கம் மாமா கத்தியது டைப்ரைட்டர் சத்தத்தையும் மீறி எங்களுக்குக் கேட்டது.

விஷயம் இதுதான். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மயிலாப்பூரில் ஒரு நிச்சயதார்த்தம். மாமாவின் ஏற்பாடு. மாப்பிள்ளை அமெரிக்காவில் வேலை பார்க்கிற பையன், அன்று ராத்திரியே விமானம். வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை. அது முடிந்த கையோடு தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா அடையாறு காந்தி நகரில் இருக்கிறவர், ரிட்டயரான பெரிய இன்ஜினீயர். காலையில் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாமாவின் வெப்சைட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். ராகு காலம் மூன்று முதல் நாலரை என்று பெட்டி சொல்லியிருக்கிறது. ராகு காலத்தில் நிச்சயதார்த்தம் வைத்த ஆளை நம்பி எப்படிக் கல்யாணத்தைக் கொடுப்பது, பையன் அடுத்த தடவை லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெண் வீட்டுக்கும் போன் செய்துவிட்டார். அங்கே பெண்ணின் அம்மா அழுதுகொண்டிருக்கிறாராம்.

முதலாளி போனை வைத்தார். "யார் பண்ணினது அந்தப் பெட்டியை?"

"நான்தான் சார்," என்றாள் ஸ்டெல்லா.

"மாமா நமக்கு எத்தனை பேரைக் கொண்டுவந்து விட்டிருக்கார் தெரியுமா? சாயங்காலத்துக்குள்ள அவர் சமாதானமாகலைன்னா நீ நாளைக்கு வர வேண்டாம்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் எங்கள் முதலாளி கோபத்தில் சொன்னதையும் செய்துவிடுகிற ஆள். ஸ்டெல்லா லைனைப் போட்டு வெப்சைட்டைத் திறந்தாள். ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று என்று எங்கள் திரையில் காட்டியது. மூடித் திறந்தாள். அதேதான். பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் அதேதான்.

"நம்ம கிட்ட சரியாத்தானே இருக்கு," என்றார் முதலாளி. அவருக்கு உயிர் வந்துவிட்டது. "அந்த மனுஷன்தான் தப்பாப் பார்த்திருக்கார். போன் பண்ணி வைரஸ்னு சொல்லிடுங்க."

அந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் வைரஸ் என்று சொல்லித் தப்பிக்கலாம். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட வைரஸ். வாடிக்கையாளர்களும் அய்யோ பாவம் என்று நமக்கே ஆறுதல் சொல்வார்கள். நானே பலமுறை அந்த ஆறுதலைப் பெற்றிருக்கிறேன். ஆனால் அன்று எனக்கு மனம் ஒப்பவில்லை. வைரஸ் என்று சொன்னால் மாமாவின் வெப்சைட்டுக்கு வியாதி என்று ஆகும். வியாதி பிடித்த இடத்தில் நிச்சயதார்த்தத்துக்கு யார் சம்மதிப்பார்கள்? தவிர, ஒருவர் தன் கண்ணால் பார்த்ததை, நாம் பார்க்கவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. இன்றைக்கு உங்களில் சிலர் 'என் மெஷினில் சரியாக இருக்கிறதே' என்று சொல்லும்போதும் எனக்கு இந்த எரிச்சல்தான் வருகிறது.

"அவர் வீட்டுக்குப் போய் அவர் கம்ப்யூட்டர்லயே பாக்கறோம் சார்," என்றேன்.

"போய்?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

என் ஸ்கூட்டியில் ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கோட்டூர்புரம் பாலத்தின் மேல் போகும்போது தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா, நாம பாக்கறப்போ அங்கயும் சரியா காட்டிச்சுன்னா?"

"காட்டினா?"

"அப்போ அந்தாளு பொய் சொல்றாருன்னு ஆயிடும். எனுக்கு அதுவும் வேணாம்."

காந்தி நகர் வீட்டு வாசலில் மாமாவின் சைக்கிள் நின்றது. எங்களுக்கு முன்னால் வந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டியோடு சாய்வு நாற்காலியில். மாப்பிள்ளைப் பையன் பெட்டி கட்டுகிற சாக்கில் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று. அவனுடைய அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வெப்சைட் பண்ணினவாளா?" என்றார் பெரியவர். "நீங்க ஏதாவது மாத்திட்டு வந்திருக்கேளா?"

"ஒண்ணும் மாத்தலை சார். உங்களுக்குக் காட்டினதை நாங்களும் பாக்கணும். அதுக்குத்தான் வந்தோம்."

அது அவருக்குப் பிடித்திருந்தது. யாரும் அவருடைய கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்று அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த பூப்போட்ட துணியை எடுத்து மடித்தார். ரிச்சி தெருவில் பாகம் பாகமாகப் பார்த்து வாங்கிச் சேர்த்த மெஷின், அதே விலைக்குக் கம்பெனிக்காரன் பாதிகூடத் தர மாட்டான் என்று விளக்கினார். சுவிட்சைப் போட்டார். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ இரண்டு வரி வந்து நின்றது.

"இது தினமும் கேக்கும்," என்றார். "எஃப் ஒன் அழுத்தினா போயிடும். இதெல்லாம் தெரிஞ்சுக்கணும்."

அழுத்தினார். போய்விட்டது.

நானும் ஸ்டெல்லாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம், காரியம் கெட்டிருக்கும். அப்படி வருவதற்கு அர்த்தம் இதுதான்: மெஷினுக்குள்ளே, மின்சாரம் இல்லாதபோதும் தேதியையும் மணியையும் நினைவில் வைத்திருக்க ஒரு சின்ன பாட்டரி உண்டு. அது செத்துப்போனால் மெஷினுக்கு ஒவ்வொரு நாளும் புதுப் பிறவி. தனக்குத் தெரிந்த முதல் தேதியிலிருந்து ஆரம்பிக்கும். அந்த வகை மெஷின்களுக்கு அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்று முதல் நாலரை.

அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வாரத்தில் ஏழு நாளும் செவ்வாய்தான். எங்கள் பெட்டி அதனிடம் போய் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிறது. அது செவ்வாய் என்கிறது. நம் பெட்டி நம்பிவிடுகிறது.

மோடம் கீச்சிட்டுப் பாடி முடித்து, பக்கம் மெதுவாக மேலிருந்து கீழே வந்தது. 'இன்றைய ராகு காலம் 3.00 - 4.30.' பெரியவர் திரையை விரலால் தட்டிக் காட்டினார். "இதோ. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

எனக்கு விடை தெரிந்துவிட்டது. அதைச் சொல்வதுதான் கஷ்டம். ஐயா, உங்கள் கம்ப்யூட்டர் செத்த பாட்டரியோடு ஓடுகிறது, நீங்கள் தினமும் பெருமையாக அழுத்துகிற எஃப் ஒன் அதன் ஒப்பாரி என்று மகனுக்கும் மனைவிக்கும் எதிரே ஒரு பெரிய இன்ஜினீயரிடம் சொன்னால் என்ன ஆகும்? நியாயம் என் பக்கம் இருக்கும், நிச்சயதார்த்தம் நடக்காது. எப்படி ஆரம்பிப்பது என்று நான் வார்த்தைகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா முன்னால் வந்துவிட்டாள்.

"சார், நீங்க பாத்தது கரெக்டு. தப்பு எங்க பெட்டியில கீது."

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பெட்டிக்கு சொந்தமா ஒண்ணும் தெரியாது சார். எந்தக் கம்ப்யூட்டர்ல தொறக்கறாங்களோ, அதாண்ட இன்னிக்கு இன்னா கெழமன்னு கேட்டு, அது இன்னா சொல்லுதோ அத்த வெச்சு டைம் போடுது. எந்தக் கெழமைக்கு டைம் போட்டுக்கீறேன்னு பாக்கறவங்களுக்கு அது சொல்லியிருக்கணும். சொல்றதுக்கு ஒரு வரி இருந்திச்சு. அந்த வரிய நான் எடுத்துட்டேன்."

"எதுக்கு எடுத்தே?" என்றார் பெரியவர்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தன் அங்கவஸ்திர நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் மூன்று பேர். சரியான விடையைச் சொன்னால் மாமாவின் மானம் அங்கேயே போகும், அதோடு நிச்சயதார்த்தமும் போகும்.

"அது இன்னாத்துக்கு இருந்துச்சுன்னு யோசிக்கல சார். எடுத்துட்டேன்," என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாமா மேலும்தான், இவள் மேலும்தான். வேலை போகிற நேரத்தில் இப்படி ஒரு தாராளம் தேவையா? ஆனால் அது அவள் பேச்சு, நான் நடுவில் நுழைய முடியாது.

"சரி, என் கம்ப்யூட்டர் என்ன கிழமைன்னு சொல்லித்தாம்?" என்றார் பெரியவர்.

ஸ்டெல்லா திரையின் மூலையில் இருந்த மணியின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். சின்னதாக எழுத்து எழும்பியது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து படித்தார். ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"அப்பா," என்றான் மாப்பிள்ளை பின்னாலிருந்து, "எண்பதுல நான் மூணாங்கிளாஸ்."

சமையலறை வாசலில் ஒரு சிரிப்பு புறப்பட்டது. "ஏன்னா, கார்த்தாலேர்ந்து தலைபாடா அடிச்சுண்டேனே, காலண்டர்ல ஒண்ணரை மூணுன்னு போட்டிருக்குன்னு. காலண்டர் எல்லாருக்கும் பொதுவா அடிக்கறது, கம்ப்யூட்டர்தான் இன்னிக்குன்னு கணக்குப் போட்டுச் சொல்றதுன்னேள்."

பெரியவரின் காது சிவந்துவிட்டது. அந்த நொடியில் எதுவும் நடந்திருக்கலாம். ஸ்டெல்லா மௌசை அவர் கையருகே நகர்த்தி வைத்தாள்.

"பாட்டரி ஒண்ணு மாத்தணும் சார், சின்ன வேலை. இப்போதிக்கு தேதிய நீங்களே செட் பண்ணிடுங்க. உங்க மெஷின், உங்க கையால பண்ணா நல்லாருக்கும்."

அவர் உட்கார்ந்தார். அவள் எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லச் சொல்ல, வருஷம், மாதம், தேதி, மணி எல்லாம் அவரே வைத்தார். பக்கத்தை மறுபடி திறந்தார். 'இன்றைய ராகு காலம் 1.30 - 3.00.'

"ஹாங்," என்றார். "இப்ப சரியாச் சொல்றது பார். மெஷின் நல்ல மெஷின்."

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் மாமா இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். "அண்ணா, ஒரு வார்த்தை பேசாதேங்கோ. இப்போ ஒண்ணரை தாண்டியாச்சு. சரின்னாலும் வேண்டாம்னாலும் மூணு மணிக்கு மேல சொல்லுங்கோ. நல்ல வார்த்தையை ராகு காலத்துல சொன்னோம்னு இருக்க வேண்டாம்."

பெரியவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

இப்படியாக நாங்கள் அத்தனை பேரும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தோம். எல்லாருக்கும் விடை தெரிந்த மாதிரி இருந்தது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் சம்மதமாகத் தலையாட்டக்கூடப் பயந்துகொண்டு கழுத்தை விறைப்பாக வைத்திருந்தார். மாப்பிள்ளை சுவர்க் கடிகாரத்துக்கு நேரே நாற்காலி போட்டுக்கொண்டான். அந்த அம்மா எங்களுக்குக் காபி கொடுத்தார், பிறகு மோர் கொடுத்தார், பிறகு பேச்சுத் துணையில்லாமல் வற்றல் வறுக்கப் போய்விட்டார்.

ஸ்டெல்லா என் காதருகே வந்தாள். "அக்கா, நம்ம பிட்டுல இன்னொண்ணும் கீது. அமெரிக்காவுல இருந்து பாக்கறாங்களே, அவங்களுக்கு இங்க வியாழன்னா அங்க இன்னும் புதன் ராத்திரி. அவங்க பெட்டியில புதனுக்குத்தான் டைம் காட்டும். மாமா சைட்ட பாக்கறதே முக்கால்வாசி அவங்கதான்."

அவள் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்தது, அவளானால் அடுத்த ஓட்டையைப் பிடித்துவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ராகு காலம், சும்மா இருந்தேன்.

கடிகாரம் மூன்று அடித்தது. கடைசி மணி அடங்கட்டும் என்று மாமா கையைக் காட்டினார். அடங்கியது.

"கிளம்பலாம்," என்றார் பெரியவர்.

மாப்பிள்ளை செருப்பைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றான்.

நிச்சயதார்த்தம் நடந்தது. ஆனால் மாமா அன்று எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, சைக்கிளை மிதித்துக்கொண்டு மயிலாப்பூர் பக்கம் போய்விட்டார். ஆபீசுக்கு வந்து முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தத் தேதி வரியை எடுக்கச் சொன்னது மாமாதான் என்றும் சொன்னேன். அவர் மோவாயைத் தேய்த்தார். "மாமா நாளைக்குக் கார்த்தால வரேன்னு போன் பண்ணினார். அவர் வாயால என்ன சொல்றாரோ அதுதான். வாடிக்கையாளர் மேல பழி போட்டு நான் கடை நடத்த முடியாது," என்றார். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அந்தப் பேச்சை நினைத்தால் வருகிறது.

மறுநாள் மாமா வந்தபோது ஸ்டெல்லா பெட்டியைத் திருத்தி முடித்திருந்தாள். ஏழு புதுப் படம் செய்திருந்தாள். நேரத்துக்குக் கீழே தமிழில் இரண்டு வரி: 'உங்கள் கம்ப்யூட்டரின் கணக்கில் இன்று வெள்ளிக்கிழமை. சென்னையில் வேறு கிழமை என்றால் இந்த நேரம் தவறு.'

மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முகம் சுருங்கியது.

"இதென்னது? கல்யாண சைட்ல 'தவறு'ன்னு போடுவாளா யாராவது? அமங்கலமா இருக்கே. இந்த ரெண்டு வரியையும் எடுத்துடும்மா."

முதலாளி அவசரமாக, "எடுத்துடு ஸ்டெல்லா," என்றார்.

டைப்ரைட்டிங் பெண்கள்கூடத் தட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். ஸ்டெல்லா கீபோர்டில் கை வைக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுக்க மாட்டேன் மாமா."

"ஏன்?"

"இந்த வரி இல்லாமத்தான நேத்து அந்தப் பொண்ணோட அம்மா அழுதாங்க. நாளைக்கு அமெரிக்காவுல ஒருத்தர் பாப்பாரு. அவரு ஊட்டுக்கு நானும் அக்காவும் ஸ்கூட்டில போவ முடியாது. 'தவறு' வேணாம்னா வேற வார்த்த சொல்லுங்க, போட்டுர்றேன். வரி இருக்கணும்."

முதலாளி எழுந்துவிட்டார். மாமா அவரைக் கையமர்த்தி உட்கார வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், போன தடவை அந்த வரியை எடுக்கச் சொன்னது நான். நேத்திக்கு அந்தக் கூடத்துல இவ என் பேரைச் சொல்லியிருந்தா என் தொழிலே போயிருக்கும். இவ சொல்லலை. நானும் வாயைத் திறக்கலை. ராத்திரி பூரா தூக்கம் வரலை எனக்கு." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணை நிரந்தரம் பண்ணிடுங்கோ. என் சைட்டை இனிமே இவதான் பாத்துக்கணும். ஏம்மா, இதே மாதிரி அன்னிக்கே எடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

"அன்னிக்கு பயமா இருந்துச்சு மாமா."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் பயமாத்தான் கீது," என்றாள் ஸ்டெல்லா. "'தவறு'க்குப் பதிலா இன்னா வார்த்த போடணும், சொல்லுங்க."

மடியில் இருந்த கைகளை எடுத்து கீபோர்டில் வைத்துக்கொண்டாள்.